குழந்தைக்கு எச்சில் கிடையாது

ஹுப்பள்ளி
18 ஜூன் 2018

அக்கய்யா,

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். முதலில் விஷயம்.

சிர்சி டாக்டரம்மா எடுத்த உன் ரத்தம் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்குத்தான் வந்தது. ஐஸ் பெட்டியைத் திறந்தவன் நான். குழாயில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன்: நாகவேணி சீதாராம ஹெக்டே, வயது 32, கர்ப்பம் பத்து வாரம். இதற்கு முன் இரண்டு முறை நிலைக்காமல் போனதால் யாரிடமும் சொல்லப் பயந்திருப்பாய். சரி. ஆனால் கூடப் பிறந்தவனுக்குக் குழாய்ச் சீட்டிலிருந்தா தெரிய வேண்டும்?

சைட்டோமெகலோ வைரஸ் என்று ஒரு கிருமி. சி.எம்.வி. என்றால் போதும். பெரியவர்களுக்கு வந்தால் லேசான காய்ச்சல்; பலருக்கு அதுகூட இருக்காது. ஆனால் கர்ப்பத்தின் முதல் மாதங்களில் ஒருத்திக்கு முதன்முறையாக வந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகலாம். போனால் சில பிள்ளைகளுக்குக் காது கேட்காது; சிலருக்கு மூளை வளர்ச்சி பாதிக்கும். ரத்தத்தில் நாங்கள் தேடுவது உடம்பு செய்யும் எதிர்ப்புப் பொருளை. அதில் ஜி என்று ஒரு வகை, எப்போதோ வந்து போனதன் தழும்பு. எம் என்று இன்னொரு வகை, புதிதாக வந்திருப்பதன் அடையாளம். உனக்கு இரண்டும் பாசிட்டிவ்.

எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசிக்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மேதினி. உன் ஓரகத்தி பூர்ணிமா பெங்களூரில் டேகேரில் போட்டு, அங்கே அது மாதம் இரண்டு முறை காய்ச்சலில் விழுந்து, 'கொஞ்ச நாள் நீங்க வெச்சுக்குங்க அக்கா' என்று டிசம்பரில் உன் மடியில் விட்டுப்போனாளே, அந்தக் குழந்தை. டேகேர் குழந்தைகள் இந்தக் கிருமியை எச்சிலிலும் மூத்திரத்திலும் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் வைத்திருக்கும். அதற்கு ஒன்றும் செய்யாது, சிரித்துக்கொண்டு ஓடும்.

உங்கள் வீட்டுச் சட்டம் தலைகீழ். சீதாராம பாவா கடித்த பழத்தை நீ தொடமாட்டாய். சாப்பிட்ட கையோடு ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் உன் மாமியார் வீட்டையே கழுவிவிடுவார். ஆனால் குழந்தைக்கு மட்டும் எச்சில் கிடையாது! மேதினி பாதி மென்று வைத்த தோசையை நீ வாயில் போட்டுக்கொள்வதை ஏப்ரலில் என் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கே கத்தியிருக்க வேண்டும்.

இன்றிலிருந்து அதன் தட்டு வேறு, உன் தட்டு வேறு. மிச்சத்தைத் தின்னாதே. உதட்டில் முத்தம் கூடாது. ஜட்டி மாற்றினால் சோப்புப் போட்டுக் கழுவு, இருபது எண்ணும்வரை. மழை விழுந்ததும் உங்கள் டவர் படுத்துவிட்டது, அதனால் சித்தாபுரம் பஸ் கண்டக்டரிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

நலமா?

ஸ்ரீபாத

*

கானுமனெ
27 ஜூன்

அப்பி,

கடைசியில் நலமா என்று கேட்டிருக்கிறாய். அதை முதலில் கேட்டிருந்தால், இருக்கிறேன் என்று எழுதியிருப்பேன்.

உன் கடிதத்தைப் பாக்கு காயவைக்கும் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து மூன்று முறை படித்தேன். பாசிட்டிவ் என்ற சொல்லை உன் பாவாவிடம் சொன்னதும் அவர், "பாசிட்டிவ்னா நல்லதுதானே?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மாட்டுக்குப் புல் போடப் போனவர்தான், ஒரு மணி நேரம் வரவில்லை. சாதாரணமாகப் பத்து நிமிஷ வேலை அது.

அத்தையிடம் தட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"குழந்தைக்கு எச்சிலா? எந்த சாஸ்திரத்துல இருக்கு?"

"ஸ்ரீபாத சாஸ்திரத்துல அத்தை."

"அவன் படிச்சதே நாலு வருஷம். நான் அறுபத்தெட்டு வருஷமா எச்சில் பாத்துக்கிட்டிருக்கேன்."

ஆனால் மறுநாள் காலை மேதினிக்குத் தனித் தட்டு எடுத்து வைத்தது அவர்தான். அதைச் சுவர் ஓரமாகவும் வைத்தார். சொல்லாமலேயே.

முதல் நாள் அவள் தன் தோசையில் பாதியைக் கடித்துவிட்டு வழக்கம்போல என் வாய்க்குக் கொண்டு வந்தாள். முகத்தைத் திருப்பினேன். விளையாட்டு என்று நினைத்து அந்தப் பக்கம் ஓடி வந்தாள். இந்தப் பக்கம் திருப்பினேன். சிரித்துச் சிரித்துக் கீழே விழுந்தாள். நான்காவது தடவை "எச்சி, வேண்டாம்" என்று கையைத் தள்ளினேன். அழவில்லை. தோசையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அதில் எங்கே அழுக்கு ஒட்டியிருக்கிறது என்று.

நீ சொன்னதை எல்லாம் செய்கிறேன். இருபது எண்ணுகிறேன். எனக்கு ஒன்றை மட்டும் நேராகச் சொல். என் பிள்ளைக்கு ஆபத்து நூற்றில் எத்தனை? இனிப்புத் தடவாதே. உனக்கு வராது.

நாகவேணி

*

ஹுப்பள்ளி
3 ஜூலை

அக்கய்யா,

நேராகவே சொல்கிறேன். முதல் மூன்று மாதத்தில் புதிதாக வந்திருந்தால், வயிற்றுப் பிள்ளைக்குப் போவது நூற்றில் முப்பது, நாற்பது. போன எல்லாப் பிள்ளைகளும் பாதிக்கப்படுவதில்லை. ஆனால் பாதித்தால், இந்த மாதங்களில்தான் பலமாகப் பாதிக்கும்.

புதுசா பழசா என்று பிரித்துச் சொல்ல இன்னொரு சோதனை இருக்கிறது. எங்களிடம் அதைப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை, மாதிரிகள் சேர்ந்த பிறகுதான் ஓட்டுவோம். இந்த முறை ரசாயனப் பெட்டி வந்து சேரவில்லை. உன் ரத்தத்தில் மிச்சத்தை உறைபெட்டியில் வைத்திருக்கிறேன். அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. உன் கடிதத்தைப் படித்தால் தெரிகிறது, தட்டுப் பிரித்தாலும் மடியைப் பிரிக்க உன்னால் முடியாது. அவள் உன் முந்தானையில் மூக்குத் துடைப்பாள், நீ அதே முந்தானையில் வாய் துடைப்பாய்.

மேதினியைப் பெங்களூருக்கு அனுப்பிவிடு. பிரசவம் ஆகும்வரை. அவளுக்கு அப்பா அம்மா இருக்கிறார்கள். உன் வயிற்றில் இருப்பதற்கு நீ மட்டும்தான்.

பூர்ணிமாவுக்கு நீ சொல்லத் தயங்குவாய் என்று நானே எழுதிவிட்டேன்.

ஸ்ரீபாத

*

கானுமனெ
12 ஜூலை

ஸ்ரீபாத,

நேற்று வந்து அழைத்துப்போனார்கள். பூர்ணிமா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நீ அவளுக்கு எழுதியதை மடித்துக் கைப்பையில் வைத்திருந்தாள். "உங்க தம்பி என் பொண்ணை 'தொற்றின் மூலம்'னு எழுதியிருக்கார் அக்கா. நல்லா இருக்கு," என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

மேதினி காரில் ஏறும்போது அழவில்லை. வழக்கமாகச் சிர்சி போய் வருவதுபோல் கையாட்டினாள். நான் முத்தம் கொடுக்கவில்லை. நீ சந்தோஷப்படுவாய்.

வீட்டில் இப்போது யாரும் எச்சில் பண்ணுவதில்லை.

நாகவேணி

*

ஹுப்பள்ளி
21 ஜூலை

அக்கய்யா,

இதை எழுத மூன்று தாள் கிழித்துப் போட்டேன். நான் தாள் கிழிக்கிற ஆள் இல்லை.

பெட்டி வந்தது. நேற்று அந்தச் சோதனையை ஓட்டினோம். எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் முடிவை மட்டும் சொன்னால் நீ நம்பக்கூடாது, இனிமேல் என்னை நம்பவே கூடாது. ஒரே ரத்தத்தைச் சோதனைத் தட்டில் இரண்டு சின்னக் குழியில் வைப்போம். இரண்டிலும் கிருமியின் துண்டு ஒட்டியிருக்கும், எதிர்ப்புப் பொருள் அதைப் போய்ப் பிடிக்கும். பிறகு ஒரு குழியை மட்டும் யூரியாக் கரைசலால் அலசுவோம். புதிதாக உண்டான எதிர்ப்புப் பொருளுக்குப் பிடி தளர்வு, அலசினால் கழன்று போய்விடும். பழையதோ வருஷக்கணக்கில் பழகிப் பழகிப் பிடியை இறுக்கியிருக்கும். எவ்வளவு அலசினாலும் விடாது.

உன்னுடையது விடவில்லை. நூற்றுக்கு எழுபத்திரண்டு நின்றது. நம்பாமல் திரும்ப ஓட்டினேன். எழுபத்தொன்று. பத்தாவது வாரத்தில் எடுத்த ரத்தத்தில் இப்படி என்றால் அந்தக் கிருமி உனக்கு இந்தக் கர்ப்பத்துக்கு முன்பே வந்து போய்விட்டது. எம் என்பது சிலருக்குச் சும்மாவே மாதக்கணக்கில் காட்டிக்கொண்டிருக்கும். பொய்யாகவும் காட்டும்.

இதெல்லாம் எனக்கு நேற்றுத் தெரிந்த சங்கதி இல்லை. அதுதான் கேவலம். எங்கள் சீனியர் கமலாட்சி மேடம் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஸ்ரீபாத, எம் மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்கன்னு நீ எத்தனை டாக்டர்கிட்ட போன்ல கத்தியிருப்ப?"

"நூறு பேர் இருக்கும் மேடம்."

"நம்ம பக்கத்துப் பொம்பளைங்கள்ல பத்துக்கு ஒன்பது பேருக்குச் சின்ன வயசுலயே வந்து போயிருக்கும்னு கிளாஸ் எடுத்தது யாரு?"

"நான்தான்."

"அப்ப நூத்தி ஒண்ணாவது ஆளும் நீதான். போ, கை கழுவிட்டு வா."

வேறு யாருடைய குழாயாக இருந்தாலும் 'அடுத்த சோதனை முடியும்வரை காத்திருக்கவும்' என்று ஒரு வரி எழுதி நகர்ந்திருப்பேன். உன் பெயரைப் பார்த்ததும் படித்த படிப்பு கழன்றுவிட்டது.

முழுக்கவும் பயம் விட்டுப்போயிற்று என்று சொல்லமாட்டேன். பழைய கிருமி உடம்பில் ஒளிந்திருந்து தலைதூக்கலாம், அதே கிருமியில் வேறு ரகம் வரலாம். இருக்கிற எதிர்ப்பு பெருமளவு தடுக்கும், எல்லாவற்றையும் அல்ல. அப்படிப் பிள்ளைக்குப் போவது நூற்றில் ஒன்று. அதனால் கை கழுவு, தட்டு வேறாகவே இருக்கட்டும். ஆனால் அவளை அனுப்பியிருக்க வேண்டியதில்லை.

தப்பு என்னுடையது.

ஸ்ரீபாத

*

கானுமனெ
4 ஆகஸ்ட்

அப்பி,

யூரியா என்று படித்ததும் உன் பாவா, "நம்ம தோட்டத்துக்குப் போடறோமே, அதேவா? அதுக்கா இவ்வளவு படிப்பு?" என்று கேட்டார். ஒன்றரை மாதம் கழித்து அந்த மனிதர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அதற்காக உனக்குப் பாதி மன்னிப்பு.

மீதிப் பாதி தரமாட்டேன்.

நூற்றில் ஒன்று என்பதை நான் தாங்கிக்கொள்வேன். நாற்பதோடு பதினெட்டு நாள் படுத்து எழுந்தவளுக்கு ஒன்று என்ன? பிள்ளை அசையத் தொடங்கிவிட்டது. ஒரு மீன் திரும்பிப் படுக்கிற மாதிரி. அத்தை என் வயிற்றின் மேல் கைவைத்துப் பார்த்துவிட்டு, "உன் தம்பியோட பேப்பர் இதைக் கேட்டுச்சா?" என்கிறார்.

பழசு என்கிறாயே, எவ்வளவு பழசு என்று உன் குழி சொல்லாதா? எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நீ பிறந்தபோது எனக்கு எட்டு வயது. அம்மா தோட்டத்துக்குப் போனால் நீ என் இடுப்பில். நீ சப்பிப் போட்ட வாழைப்பழத்தை வீணாக்கக் கூடாது என்று நான்தான் தின்பேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இரண்டு வருஷம். இன்றைக்கு என் ரத்தத்தில் எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டு கழல மாட்டேன் என்கிறதே, அது உன்னிடமிருந்து வந்தது. அதை வைத்துக்கொண்டுதான் நீ எனக்கு எச்சில் சட்டம் எழுதினாய்.

மேட்டுக்கு ஏறி, டவர் கிடைக்கும் இடத்தில் நின்று, பூர்ணிமாவை நான்கு முறை கூப்பிட்டேன். மேதினி போனுக்கு வரமாட்டாளாம். "கேக்கறதை நிறுத்திட்டா அக்கா. இப்ப மறுபடி ஆரம்பிக்காதீங்க," என்றாள். கேட்பதை நிறுத்திவிட்டாள் என்றால், அதுவரை கேட்டிருக்கிறாள்.

நீ எழுதி அனுப்பிய குழந்தை. நீயே போ. கடிதம் எழுதாதே, நேரில் போ.

நாகவேணி

*

பெங்களூர்
15 ஆகஸ்ட்

அக்கய்யா,

விடுமுறை நாள் என்று இன்று வந்தேன். பஸ் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். தனியாகத்தான் திரும்புகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பூர்ணிமா கதவைத் திறந்து, "ஓ, தொற்று நிபுணர்! உள்ள வரலாமா, இல்ல நாங்க எல்லாரும் மாஸ்க் போட்டுக்கணுமா?" என்றாள். நான் வழியில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததெல்லாம் போய்விட்டது. "நான் தப்பாப் படிச்சுட்டேன். மன்னிச்சுடுங்க," என்றேன்.

"எதைத் தப்பாப் படிச்சீங்க?"

"ரிப்போர்ட்டை. அப்புறம் உங்களுக்கு எழுதின லெட்டரை. அதுல ஒரு குழந்தையைப் பத்தி எழுதறோம்னு எனக்கு உறைக்கவே இல்லை."

பிறகு காபி போட்டுக் கொடுத்தாள். ஆனால் பிடி கொடுக்கவில்லை. "இங்கேருந்து அங்க ஒரு தடவை மாத்தினோம். அங்கேருந்து இங்க ஒரு தடவை. ரெண்டுலயும் அவளை யாரும் கேக்கலை. மூணாவது தடவை மாத்த நான் விடமாட்டேன் ஸ்ரீபாத. அக்கா மேல கோபம் இல்லை. அவங்க இடத்துல நானும் அனுப்பியிருப்பேன்," என்றாள். அவள் சொல்வது சரி.

மேதினி சோபாவுக்குப் பின்னாலிருந்து வந்தாள். உயரமாகிவிட்டாள். என்னை அடையாளம் தெரிந்தது. குனிந்து அவள் முகத்துக்கு நேராக வந்தேன். உடனே தன் கையால் தன் வாயை இறுக மூடிக்கொண்டாள். மூடிய கைக்குள்ளிருந்து, "எச்சி," என்றாள்.

"யார் கிட்ட வந்தாலும் இப்படித்தான். அவங்கப்பா கிட்டயும். டேகேர்ல கேக்கறாங்க, வீட்டுல அடிக்கறீங்களான்னு," என்றாள் பூர்ணிமா.

நம் வீட்டுச் சட்டப்படி அதற்கு இல்லாத ஒன்றை நான் அதன் வாயில் வைத்துவிட்டேன். ரெண்டரை வயசுக்கு அது புரிந்துகொண்டது இவ்வளவுதான்: தன் வாய் கெட்ட வாய்.

என் ரத்தத்தையும் போன வாரம் ஓட்டிப் பார்த்தேன். ஜி பாசிட்டிவ், இறுக்கமான பிடி. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. நீ சொல்வதை நான் நிரூபிக்க முடியாது. மறுக்கவும் முடியாது. வாழைப்பழத்துக்கு நன்றி.

பஸ் வந்துவிட்டது.

ஸ்ரீபாத

*

கானுமனெ
20 ஜனவரி 2019

அப்பி,

பெயர் வைக்கும் நாளன்று வந்து, பெரியவர்கள் சாப்பிடும் முன்பாகவே பஞ்சு சுற்றிய குச்சியைப் பிள்ளையின் கன்னத்துக்குள் விட்டுத் துடைத்துக்கொண்டு, பாயசம்கூடக் குடிக்காமல் ஓடிவிட்டாய். "மூணு வாரத்துக்குள்ள எடுத்தாத்தான் பொறக்கும்போதே வந்ததான்னு தெரியும்," என்று வந்தவர்களுக்கெல்லாம் வகுப்பு வேறு. நல்லவேளை, யாருக்கும் புரியவில்லை.

சிர்சியில் காது பார்த்தார்கள். இரண்டு காதும் கேட்கிறதாம். அத்தைக்கு அந்த மெஷின் போதவில்லை, வீட்டுக்கு வந்து பித்தளைத் தாம்பாளத்தைத் தட்டிப் பார்த்தார். பிள்ளை அலறிய அலறலில் உன் பாவாவின் கண் நிறைந்துவிட்டது. ஆனால் நீதான் சொல்லியிருக்கிறாய், சில பிள்ளைகளுக்கு முதலில் கேட்டுப் பிறகு போகும் என்று. அதனால் உன் குச்சியின் முடிவு எனக்கு வேண்டும். டவர் இருக்கிறது, ஆனாலும் போனில் சொல்லாதே. நல்லதோ கெட்டதோ, பிரித்துப் பார்க்க ஒரு உறை வேண்டும். பிரிப்பதற்கு முன் கொஞ்ச நேரம் கையில் வைத்திருப்பேன்.

இன்னொரு விஷயம். உனக்கே தெரியும், நீதான் செய்தாய். பூர்ணிமா மூன்று வார விடுப்பில் மேதினியோடு வந்திருக்கிறாள். வந்த நாளிலிருந்து அந்தக் குழந்தை தூணுக்குப் பின்னால் நின்று பிள்ளையைப் பார்க்கும், கை வாயை விட்டு இறங்காது. நீ பிள்ளைக்குக் குச்சி விட்டபோது மட்டும் முன்னால் வந்து, கையை எடுத்துவிட்டு, வாயை அகலமாகத் திறந்து "எனக்கும்" என்றாளே. நீயும் இரண்டாவது குச்சியை உறையிலிருந்து எடுத்து, அவள் கன்னத்திலும் துடைத்து, பெயரெழுதிக் குழாயில் போட்டு எடுத்துக்கொண்டு போனாய். அதிலிருந்து தினமும் காலையில், "சீட்டு வந்துச்சா?" என்று கேட்கிறாள். வேறு எதையும் என்னிடம் கேட்பதில்லை. பூர்ணிமா கேட்டாள்: "அக்கா, அதுல ஏதாவது வந்தா இங்கேருந்து கெளம்பச் சொல்லுவாரா?"

இதற்குப் பதிலை நீ சொல். போனில் சொன்னால் மேதினி நம்பமாட்டாள். அவளுக்குக் காகிதம் வேண்டும்.

நாகவேணி

*

ஹுப்பள்ளி
24 ஜனவரி

அக்கய்யா,

உறையைக் கையில் வைத்திருந்தது போதும். பிள்ளைக்கு சி.எம்.வி. இல்லை. மூன்று முறை ஓட்டினேன், மூன்றாவது முறை கமலாட்சி மேடம் கையால். இல்லை. ரிப்போர்ட் பின்னால் இருக்கிறது, டாக்டரம்மாவிடம் காட்டு. மேடம் உன்னிடம் சொல்லச் சொன்னார்: "பிள்ளை பொழைச்சுது, இனிமே மாமனை யாராவது வளர்த்து ஆளாக்கணும்."

இரண்டாவது குச்சியை நான் ஓட்டவில்லை. ஒரு வாரம் குளிர்பெட்டியில் இருந்தது, நேற்று எடுத்துக் கழிவுப் பெட்டியில் போட்டேன். ஓட்டினால் அநேகமாகக் கிருமி இருக்கிறது என்றுதான் வரும். வந்தால் என்ன செய்யப்போகிறோம்? இந்த வயதில் அதற்கும் ஒன்றுமில்லை, பிறந்துவிட்ட உன் பிள்ளைக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. முடிவு எதுவாக இருந்தாலும் நாம் செய்யப்போவது ஒன்றுதான் என்றால் அந்தச் சோதனையைச் செய்யக்கூடாது. இதையும் நான் கிளாஸில் சொல்வதுண்டு. இந்த முறை கேட்டுக்கொண்டேன்.

பூர்ணிமாவிடம் சொல்: யாரும் எங்கேயும் கிளம்ப வேண்டாம்.

கீழே இருப்பது மேதினிக்கு. கிழித்துக் கொடு. நான் கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுதியிருக்கிறேன், அதனால் முத்திரை போட்டதில் தப்பில்லை. படித்துக் காட்டும்போது மெதுவாகப் படி.

ஸ்ரீபாத

- - - - - - - - - - - - - -

பெயர்: மேதினி
வயது: இரண்டு வருஷம், பத்து மாதம்
பார்த்த இடம்: வாய்
பார்த்த நாள்: பாப்பாவுக்குப் பேர் வெச்ச அன்னைக்கு

பல்: பதினெட்டு. எல்லாம் வெள்ளை.
நாக்கு: ஒண்ணு. பாயசம் ஒட்டியிருந்தது.
முடிவு: நல்ல வாய்.

பாப்பாவோட பாதத்துல முத்தம் குடுக்கலாம். பெரியம்மாவுக்கு எங்க வேணும்னாலும் குடுக்கலாம். மாமா தப்பாச் சொல்லிட்டான்.

கையை எடுத்துடலாம்.